நான்கு வீச்சு எஞ்சின் கண்ட ஓட்டோ

பரந்த வெளியொன்றில் மாதிரி விமானம் ஒன்று நிற்கின்றது. அதன் மூக்கில் பொருத்தப்பெற்றுள்ள எஞ்சின் உள்ளங்கையில் அடங்கும் அளவினது. அதனைப் பறக்கவிட வந்தவர் எரிபொருளை நிரப்புகின்றார்; சிறியதொரு மின்கலத்தை இணைக்கின்றார். பின்னர்க் குச்சி ஒன்றினால், முன்புறத்திலுள்ள சுழல்விசிறியை, அது சுழல வேண்டிய திசைக்கு எதிராக வெடுக்கெனத் தள்ளுகின்றார். விசிறி சற்றே பின்னோக்கிச் செல்கின்றது; உள்ளிருந்து ஏதோ ஒன்று அதனைத் தடுக்கின்றது; மறுகணமே விசிறி முன்னோக்கிப் பாய்ந்து கடகடவெனச் சுழலத் தொடங்குகின்றது. பின்னோக்கித் தள்ளப்பட்ட விசிறி முன்னோக்கி ஓடுவானேன்? அதனை எதிர்த்து நின்ற ஆற்றல் யாது?

இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஜெர்மனி நாட்டுக் கொலோன் நகரில் கனத்த சக்கரம் ஒன்றைக் கையால் பின்னோக்கித் திருப்பிய ஓர் இளைஞரின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும். அவர் பொறியியல் கற்றவர் அல்லர்; மளிகைச் சரக்கு விற்றுத் திரிந்தவர். அவர் பெயர் நிக்கோலாஸ் ஆகஸ்ட் ஓட்டோ.

இளமை

ஜெர்மனியில் ரைன் ஆறு பாயும் பகுதிக்கு அணித்தே ஹோல்ட்ஸ்ஹௌசன் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் 1832ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஓட்டோ பிறந்தார். உடன்பிறந்தார் அறுவருள் அவரே இளையவர். அவர் கைக்குழந்தையாய் இருந்தபொழுதே தந்தையார் இறந்தார். குடும்பப் பொறுப்பு முழுவதும் தாயாரைச் சார்ந்தது. ஓட்டோ பள்ளியில் நன்கு பயின்றார். எனினும், நாட்டில் கிளர்ச்சிகள் மிகுந்திருந்த 1848ஆம் ஆண்டில், பதினாறாம் வயதில், அவருடைய படிப்பு நின்றது. பையன் வாணிகம் கற்றுத் தன் காலில் நிற்பதே நலம் எனக் குடும்பத்தார் எண்ணினர்.

முதலில் சிற்றூர்க் கடை ஒன்றில் எழுத்தராகவும், பின்னர்ப் பிராங்க்பர்ட் நகரிலும் அவர் பணியாற்றினார். அதன்பின் கொலோன் நகரை அடைந்து, தேயிலை, காப்பி, அரிசி, சர்க்கரை முதலிய பண்டங்களுக்கு ஊர் ஊராகச் சென்று வாணிகர்களிடம் கட்டளை பெறும் விற்பனையாளர் ஆனார். குதிரை வண்டியிலும் புகைவண்டியிலும் செலவு செய்வதே அவருக்கு அன்றாடத் தொழிலாயிற்று. அச்செலவுகளுக்கிடையே அவர் உள்ளம் மட்டும் சரக்கு மூட்டைகளைச் சுற்றி நில்லாது, இயந்திரங்களைச் சுற்றியே வட்டமிட்டது.

லெனுவாரின் எஞ்சின்

அக்காலத்தில் தொழிற்சாலைகளை இயக்கியது நீராவி எஞ்சினே. அதற்குக் கொதிகலம் வேண்டும், நிலக்கரி வேண்டும், நெருப்பை ஓயாது காக்க ஆள் வேண்டும். பெருஞ்செல்வர்க்கு அது ஏற்றது. தச்சர், அச்சுக்கூடத்தார் போன்ற சிறு தொழிலாளர்க்கோ அது எட்டாக் கனியாகவே இருந்தது. இந்நிலையில், 1860ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில் வாழ்ந்த லெனுவார் என்பவர் புதியதோர் எஞ்சினை உலகிற்கு அளித்தார். தெரு விளக்குகளில் எரியும் நிலக்கரி வாயுவையும் காற்றையும் கலந்து ஓர் உருளைக்குள் செலுத்தி, மின்பொறியால் கொளுத்தி, அவ்வெடிப்பினால் உந்துதண்டைத் தள்ளுமாறு அவர் அதனை அமைத்தார். பிஸ்டன் என நாம் வழங்குவதே இவ்வுந்துதண்டாகும். நெருப்பு உருளைக்கு வெளியே எரியாது உள்ளேயே எரிந்தமையால் கொதிகலம் வேண்டப்படவில்லை.

லெனுவாரின் எஞ்சின் புதுமை மிக்கதாயினும் பெருந்தீனி தின்னும் பூதமாக இருந்தது. எரிந்த வாயுவின் வெப்பத்தில் மிகச் சிறு பங்கே வேலையாக மாறியது; எஞ்சியதெல்லாம் வீணே கழிந்தது. மேலும், விளக்கு வாயு குழாய் வழியே வரும் நகரங்களில் மட்டுமே அது பயன்படும். செய்தி ஓட்டோவின் செவிக்கு எட்டியது. வாயுவுக்கு மாற்றாக ஆல்ககால் என்னும் நீர்மத்தை ஆவியாக்கிச் செலுத்தினால், குழாய்க்குக் கட்டுப்படாது எங்கும் செல்லும் எஞ்சினைச் செய்யலாம் அன்றோ என அவர் சிந்தித்தார். தம் தமையனாருடன் சேர்ந்து 1861ஆம் ஆண்டு பிரஷ்ய அரசிடம் அதற்குக் காப்புரிமை வேண்டினார். அரசு மறுத்துவிட்டது. ஓட்டோ சோர்ந்தாரல்லர். கொலோன் நகரத்துக் கம்மியர் ஒருவரைக் கொண்டு லெனுவார் எஞ்சினைப் போன்ற சிறு எஞ்சின் ஒன்றைச் செய்வித்து, ஓய்ந்த நேரங்களில் அதனை ஆராயலானார்.

திருப்பிய சக்கரம்

ஒருநாள் ஆய்வின்போது அவர் ஒரு புதுமையைக் கண்டார். லெனுவாரின் முறைப்படி, உந்துதண்டு பாதி வழி செல்லும்வரை வாயுக் கலவை உள்ளே இழுக்கப்படும். உடனே அது கொளுத்தப்படும். ஓட்டோ, கலவையை உள்ளே இழுத்தபின் அதனைக் கொளுத்தவில்லை. எஞ்சினின் கனத்த சக்கரத்தைக் கையால் பின்னோக்கித் திருப்பினார். உந்துதண்டு வந்த வழியே மீண்டு சென்று, உள்ளிருந்த கலவையை நெருக்கியது. சக்கரத்தைத் திருப்பிய கைக்கு எதிர்ப்புத் தோன்றியது. நெருக்கிய கலவையை அந்நிலையில் அவர் கொளுத்தினார். என்னே வியப்பு! அதுகாறும் சோம்பிச் சுழன்ற சக்கரம் பெருவிசையுடன் முன்னோக்கிப் பாய்ந்து, ஒரே வெடிப்பில் பலமுறை சுழன்று நின்றது.

நெருக்கப்பட்ட கலவையே வலிமை மிக்கது என்னும் உண்மை அன்று அவருக்குப் புலனாயிற்று. மாதிரி விமானத்தின் விசிறியைப் பின்னோக்கித் தள்ளும்போது நம் கையை எதிர்த்து நிற்பதும் அந்நெருக்கமே. விசிறியை முன்னோக்கி எறிவதும் அந்நெருக்கத்தில் பற்றிய தீயே.

ஆயினும், கலவையை இழுக்க வேண்டும், நெருக்க வேண்டும், எரிக்க வேண்டும், எரிந்த புகையை வெளியேற்ற வேண்டும். இந்நான்கையும் கையின் துணையின்றி எஞ்சின் தானே செய்வது எங்ஙனம்? ஒவ்வொரு செயலுக்கும் உந்துதண்டின் ஒரு வீச்சினை ஒதுக்கிவிடுவது என ஓட்டோ முடிவு செய்தார். அதுவே நான்கு வீச்சு முறை. இம்முறையில் நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின் ஒன்றை 1862ஆம் ஆண்டில் அவர் அமைத்தார். எஞ்சின் இயங்கிற்று, ஆனால் நீடித்து இயங்கவில்லை. ஒவ்வொரு வெடிப்பும் சம்மட்டி அடிபோல் உறுப்புகளைத் தாக்கிற்று. அவ்வடிகளைத் தாங்கமாட்டாது எஞ்சின் சிதைந்தது. வாணிகத்தில் சேர்த்த பொருளும் ஏறக்குறையக் கரைந்தது.

கைவிட்டும் மறவாமை

தோல்வியுற்றோர் இருவகையினர். முயற்சியை அடியோடு வெறுத்து ஒதுக்குவோர் ஒருவகை. அதே சுவரில் மீண்டும் மீண்டும் தலையை மோதிக்கொள்வோர் மற்றொருவகை. ஓட்டோ இவ்விரு வகையிலும் சேராதவர். அவ்வெடிப்பின் கொடுமையை அடக்கும் வழி தமக்கு இன்னும் தெரியவில்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். தெரியும்வரை அக்கருத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, இயலக்கூடிய வேறொன்றை மேற்கொண்டார்.

வெடிப்பின் அடியை நேராகச் சக்கரத்தில் ஏற்றாமல் விடுவதே அவ்வேறு வழி. நெட்டாக நிற்கும் உருளையில் வெடிப்பு உந்துதண்டை மேலே எறியும். மேலே செல்லும்போது தண்டு எதனுடனும் பிணைக்கப்பட்டிராது. எரிந்த வாயு குளிர்ந்து சுருங்க, உள்ளே அழுத்தம் குறையும். அப்பொழுது வெளிக்காற்றின் அழுத்தம் தண்டைக் கீழே தள்ளும். கீழே வருங்கால் அது பற்சக்கரத்தைத் திருப்பி வேலை செய்யும். இவ்வாறு வெடிப்பின் வன்மை காற்றின் மென்மையான தள்ளலாக மாற்றப்பட்டது.

1864ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யூஜின் லாங்கன் என்பார் இவ்வெஞ்சினைக் கண்டார். அவர் சர்க்கரைத் தொழிலில் ஈடுபட்ட செல்வக் குடும்பத்தினர். பொறியியலும் முறையாகக் கற்றவர். குறைகள் பல இருப்பினும் அதன் உள்ளீட்டை அவர் உணர்ந்தார். பொருள் தந்ததோடு நில்லாது, எஞ்சினின் உறுப்புகளைத் திருத்தவும் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் இருவரும் கூட்டாகத் தொழிற்சாலை ஒன்றைக் கொலோன் நகரில் தொடங்கினர். எஞ்சின் செய்வதற்கென்றே உலகில் அமைந்த முதல் வாயு எஞ்சின் தொழிற்சாலை அதுவே எனப் போற்றப்படுகின்றது.

மூன்றாண்டுகள் உழைத்தபின், 1867ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சிக்குத் தங்கள் எஞ்சினை அவர்கள் கொண்டுசென்றனர். அங்கே அழகிய எஞ்சின்கள் பல ஓசையின்றி ஓடின. ஓட்டோவின் எஞ்சினோ கடகடவெனப் பேரொலி எழுப்பியது. தோற்றத்தாலும் ஒலியாலும் அதனை எள்ளியோர் பலர். ஆனால், ஒவ்வோர் எஞ்சினும் உண்ணும் வாயுவை நடுவர்கள் அளந்து பார்த்தபொழுது உண்மை வெளிப்பட்டது. பிற எஞ்சின்கள் உண்டதில் பாதிக்கும் குறைவான வாயுவே அதற்குப் போதுமானதாக இருந்தது. பொற்பதக்கம் ஓட்டோவையும் லாங்கனையும் சார்ந்தது. அடுத்த ஆண்டில் ஓட்டோ தாம் நெடுநாள் விரும்பியிருந்த அன்னா கோசி என்னும் நங்கையை மணந்தார்.

மீண்டும் நான்கு வீச்சு

தொழில் வளர்ந்தது. ரைன் ஆற்றின் மறுகரையில் டாய்ட்சு என்னும் இடத்தில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1872ஆம் ஆண்டில் அது விரிவான நிறுவனமாக மாறியது. பிற்காலத்தில் மோட்டார் வண்டியால் புகழ்பெற்ற டெய்ம்லர், மேபாக் என்னும் இருவரும் அங்கு வந்து பணியேற்றனர். எஞ்சின்கள் ஆயிரக்கணக்கில் விலையாயின. எனினும், அவ்வெஞ்சினுக்கு ஓர் எல்லை இருந்தது. பத்தடிக்கு மேல் உயரமிருந்தும் அது தந்த ஆற்றல் மூன்று குதிரைத்திறனைத் தாண்டவில்லை. அதனினும் மிகுதி வேண்டுமெனின் கட்டடத்தின் கூரையைப் பிளக்க வேண்டியதுதான்.

அப்பொழுது ஓட்டோவின் உள்ளம் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட நான்கு வீச்சினை நாடிற்று. வெடிப்பின் அடியை மென்மையாக்குவது எப்படி என்னும் பழைய புதிர் அவர்முன் மீண்டும் நின்றது. ஒருநாள் புகைபோக்கி ஒன்றிலிருந்து எழுந்த புகையை அவர் நோக்கினார் என்பர். வாயிலில் செறிந்திருந்த புகை, மேலே செல்லச் செல்லக் காற்றில் கலந்து மெலிந்தது. உருளைக்குள்ளும் இவ்வாறே தீ மூட்டும் இடத்தில் செறிந்த கலவையும், உந்துதண்டின் அருகில் மெலிந்த காற்றும் இருக்குமாயின், அக்காற்று மெத்தைபோல் அமைந்து அடியைத் தாங்கும் என அவர் கருதினார். கண்ணாடி உருளையுடன் சிறியதொரு மாதிரியைச் செய்து, அதற்குள் புகை இழுக்கப்படும் விதத்தையும் கண்ணால் கண்டார்.

1876ஆம் ஆண்டில் ஒற்றை உருளையுடன் கிடையாக அமைந்த புதிய எஞ்சின் உருவாயிற்று. அதன் செயல்முறை எளிது. உந்துதண்டு முதல் வீச்சில் வெளியே நகர்ந்து, வாயுவையும் காற்றையும் உள்ளே இழுக்கும். இரண்டாம் வீச்சில் திரும்பி வந்து, வழிகள் எல்லாம் மூடியிருக்க, கலவையை நெருக்கும். நெருங்கிய கலவையில் தீப்பற்ற, மூன்றாம் வீச்சில் உந்துதண்டு வலிமையுடன் தள்ளப்படும். நான்காம் வீச்சில் எரிந்த புகை வெளியேறும். சக்கரம் இருமுறை சுழல்வதற்குள் இந்நான்கும் நிகழ்ந்து முடியும். நான்கனுள் ஒரு வீச்சே ஆற்றலைத் தருவது. ஏனைய மூன்றும் அதற்காக உழைப்பவை. அவ்வொரு வீச்சில் பெற்ற விசையைத் தேக்கிவைத்து, மற்ற மூன்று வீச்சுகளையும் நடத்திச் செல்வது கனத்த சுழற்சக்கரம். ஆற்றல் தராத மூன்று வீச்சுகள் வீண் என்று அக்காலத்தில் பலர் எண்ணினர். அவற்றுள் நெருக்கும் வீச்சே எஞ்சினின் உயிர்நாடி என்பதை ஓட்டோவின் எஞ்சின் மெய்ப்பித்தது.

அது மூன்று குதிரைத்திறன் அளவில், நிமிடத்திற்கு 180 சுற்றுகள் சுழன்றது. பழைய எஞ்சினைப்போல் ஆரவாரம் செய்யாமல் அமைதியாக ஓடிற்று. அதனைத் தொழிற்சாலையில் பெருந்தொகையாகச் செய்தற்கேற்ற வடிவில் மேபாக் திருத்தி அமைத்தார். 1877ஆம் ஆண்டில் ஓட்டோவுக்கு ஜெர்மானிய அரசு காப்புரிமை அளித்தது. அச்சுக்கூடங்களிலும், மாவு ஆலைகளிலும், நீரிறைக்கும் நிலையங்களிலும் அவ்வெஞ்சின் இடம்பெற்றது.

புகழும் துயரும்

படிப்பை இடையில் விட்ட வாணிகருக்கு 1882ஆம் ஆண்டில் ஊர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிற்று. 1884ஆம் ஆண்டில், எஞ்சினுக்குள் மின்பொறியால் தீமூட்டும் காந்தக் கருவி ஒன்றையும் அவர் அமைத்தார். அதனால் நீர்ம எரிபொருளைப் பயன்படுத்தும் வழி எளிதாயிற்று. இளமையில் ஆல்ககாலைக் கொண்டு எஞ்சினை விடுதலை செய்ய அவர் கண்ட கனவு இவ்வாறு நனவாகத் தொடங்கியது.

அடுத்து வந்ததோ பேரிடி. பாரிஸ் நகரப் பொறியறிஞர் போ த ரோஷா என்பவர் நான்கு வீச்சு முறையை 1862ஆம் ஆண்டிலேயே ஒரு சிறு வெளியீட்டில் விளக்கியிருந்தார். அவர் எஞ்சின் எதனையும் செய்து ஓட்டியவர் அல்லர். அவ்வெளியீடும் உலகின் கண்ணில் படாது கிடந்தது. ஓட்டோவின் போட்டியாளர்கள் அதனைத் தேடியெடுத்து வழக்காடினர். 1886ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஜெர்மானிய உயர்நீதி மன்றம் ஓட்டோவின் காப்புரிமையில் நான்கு வீச்சு முறைக்குரிய பகுதியை நீக்கிவிட்டது. எழுத்தில் முந்தியவர் ரோஷா என்பது உண்மையே. அதே 1862ஆம் ஆண்டில் கொலோன் நகரில் ஓட்டோவின் நான்கு உருளை எஞ்சின் ஓடிச் சிதைந்ததும் உண்மையே. சட்டத்தின் தராசில் ஏட்டுக்கு இருந்த எடை, உடைந்த இரும்புக்கு இல்லாமற் போயிற்று. இத்தீர்ப்பு ஓட்டோவின் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது.

இன்னொன்றும் இங்கு அறியத்தக்கது. காற்று மெத்தைபோல் அடியைத் தாங்குகின்றது என்று ஓட்டோ கூறிய காரணம் சரியன்று எனப் பிற்கால ஆராய்ச்சி காட்டியது. எஞ்சினின் சிறப்புக்குக் காரணம் கலவையை நெருக்கியமையே. முன்னாளில் தம் கையால் அவர் உணர்ந்த எதிர்ப்பே உண்மை விளக்கமாக இருந்தது. காரணம் கூறுவதில் அவர் பிழைத்தார். கருவி செய்வதில் பிழைத்தாரல்லர். அறிவியல் வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சிகள் அரியன அல்ல.

1891ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் வயதில், ஓட்டோ கொலோன் நகரில் இயற்கை எய்தினார்.

வானில் எழுந்த எஞ்சின்

காப்புரிமை நீங்கியதனால் நான்கு வீச்சு முறை உலகிற்குப் பொதுவாயிற்று. டெய்ம்லரும் மேபாக்கும் அதனைச் சிறிதாக்கி விரைந்து சுழலச் செய்தனர். பென்ஸ் என்பார் மூன்று சக்கர வண்டியில் அதனைப் பொருத்தி ஓட்டினார். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அமெரிக்க நாட்டு ரைட் சகோதரர்களை வானில் ஏற்றியதும் நான்கு உருளைகள் கொண்ட நான்கு வீச்சு எஞ்சினே. தந்தையார் மறைந்தபொழுது எட்டு வயதுச் சிறுவராயிருந்த குஸ்தாவ் ஓட்டோ, வளர்ந்து விமானம் ஓட்டக் கற்று, மியூனிக் நகரில் விமானத் தொழிற்சாலை அமைத்தார். தந்தை மண்ணில் நிலைநாட்டியதை மைந்தர் விண்ணில் செலுத்தினார்.

இனி, நாம் தொடக்கத்தில் கண்ட மாதிரி விமானத்திற்கு மீள்வோம். அதன் எஞ்சினை முறையாக அமைப்போர், வால்வுகளின் இடைவெளி சரியாக உளதா என முதலில் நோக்குவர். எரிபொருள் கலம் காற்றும் எரிபொருளும் கலக்கும் வாயிலுக்கு ஒத்த உயரத்தில் இருக்குமாறு பொருத்துவர். எரிபொருளை அளந்துவிடும் ஊசித் திருகைச் சற்று மிகுதியாகவே திறந்து வைப்பர். கலவை மிக மெலிந்தால் எஞ்சின் சூடேறிக் கெடும். அவ்வெரிபொருளோ பெரும்பாலும் மெதனால் என்னும் ஆல்ககால் வகை; உறுப்புகள் தேயாதிருக்க ஆமணக்கெண்ணெய் போன்ற எண்ணெயும் அதிற் சேர்ந்திருக்கும். விசிறியைக் கையால் சிலமுறை சுழற்றி எரிபொருளை உள்ளே இழுக்கச் செய்தபின்னரே மின்கலத்தை இணைப்பர். அதன்பின் விரலைப் பயன்படுத்தாமல் குச்சியையே கொள்வர். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் விசிறிக்கு முன்னே நில்லாமல், பின்னே நின்று ஊசித் திருகைச் சிறிது சிறிதாக மூடிச் சீர் செய்வர்.

இழுத்தல், நெருக்குதல், எரிதல், வெளியேற்றுதல் என்னும் அதே நான்கு வீச்சு. ஓட்டோ விரும்பிய அதே ஆல்ககால் இனம். அவர் கைக்குத் தோன்றிய அதே எதிர்ப்பு. முதல் முயற்சியில் உடைந்த எஞ்சினைக் கண்டு அவர் அக்கருத்தை மறந்திருப்பாராயின், இச்சிறு விசிறி இன்று நம்முன் சுழன்றிராது. அவர் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார். காத்திருந்த காலமெல்லாம் உழைத்துக்கொண்டும் இருந்தார். ஆற்றல் தரும் ஒரு வீச்சுக்கு முன்னும் பின்னும் மூன்று வீச்சுகள் உழைத்தல் வேண்டும் என்பது எஞ்சினுக்கு மட்டும் உரிய விதியன்று. அதனை ஆக்கியவரின் வாழ்வும் அவ்விதியின்படியே நடந்தது.